நாமக்கல் கொட்டகையும் செங்காங் கோழிகளும்

கேள்வி: என் தம்பி நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். போன மாதம் முட்டை திடீரென்று குறைந்தது, சில கோழிகளுக்குச் சளி, கொர்கொர் சத்தம். சோதித்ததில் எச்9என்2 பறவைக் காய்ச்சல், தீவிரம் குறைந்த வகை என்று வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டாராம். என் கணவரோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு லேசாக இருப்பது நாளைக்குக் கொட்டகையையே காலி செய்யும் வைரஸாக மாறும் என்கிறார். யார் சொல்வது சரி? எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக் கீழே காட்டுக்கோழிகள் திரிகின்றன. அவற்றிலும் இப்படி நடக்குமா? மகன் வாரத்தில் நான்கு நாள் கோப்பிக்கடையில் அரைவேக்காட்டு முட்டை சாப்பிடுகிறான். நிறுத்தச் சொல்லட்டுமா?
— வாசகி, செங்காங், சிங்கப்பூர்

பதில்:

டாக்டர் சொன்னது சரி. உங்கள் கணவர் சொல்வதும் பொய்யில்லை. அவர் பார்த்த காணொளி வேறு வகை வைரஸைப் பற்றியதாக இருந்திருக்கும், அவ்வளவுதான். இப்போது என் நாளில் பாதி பூனைகளுக்கும் கிளிகளுக்கும் போகிறது என்றாலும், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்த கையோடு சில வருடம் கோழிப் பண்ணைகளில்தான் அலைந்தேன். அதனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஆசையோடு எடுத்துக்கொள்கிறேன். பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெயர். 'தீவிரம் குறைந்த', 'தீவிரம் மிகுந்த' என்று பிரிப்பது கோழியை மட்டும் வைத்துத்தான். உலக விலங்கு சுகாதார அமைப்பின் வரையறைப்படி, 4 முதல் 8 வாரக் கோழிகளுக்கு அந்த வைரஸை ஏற்றினால் 10 நாளுக்குள் குறைந்தது 75 விழுக்காடு சாக வேண்டும். அப்படிச் செத்தால் அது தீவிரம் மிகுந்தது. வாத்துக்கோ மனிதருக்கோ என்ன செய்யும் என்று இந்தப் பெயர் சொல்வதில்லை. 2013இல் சீனாவில் கிளம்பிய எச்7என்9 வைரஸ் கோழிகளில் தீவிரம் குறைந்த வகைதான். கோழிகள் தும்மக்கூட இல்லை. ஆனால் அதே வைரஸ் அடுத்த சில ஆண்டுகளில் 1,500க்கும் மேற்பட்ட மனிதர்களைத் தொற்றியது, அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறந்தார்கள். 'லேசு' என்ற சொல்லைக் கேட்டதும் நிம்மதியாகிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, லேசானது எப்படிக் கொடியதாகிறது?

வைரஸின் மேல் முள் முள்ளாக ஒரு புரதம் இருக்கிறது. எச்5, எச்7, எச்9 என்பதில் வரும் 'எச்' அதைத்தான் குறிக்கிறது. பறவைகளில் இதற்கு 16 வகை உண்டு. அந்த முள்தான் செல்லில் ஒட்டி உள்ளே நுழைய வழி செய்கிறது. ஆனால் புதிதாகப் பிறந்த வைரஸின் முள் அப்படியே வேலைக்கு ஆகாது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் அதை இரண்டாக வெட்டினால்தான் அது அடுத்த செல்லுக்குள் போக முடியும். வைரஸிடம் கத்தி கிடையாது. வெட்டித் தரவேண்டியது கோழியின் உடம்பிலுள்ள நொதி.

நெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மூட்டை இருந்தாலும் உமி நீக்காமல் சோறாகாது. ஊரில் இரண்டே அரிசி ஆலை இருந்தால், அந்த ஆலை இருக்கும் தெருவில்தான் அரிசி கிடைக்கும். லேசான வைரஸின் நிலை இதுதான். அதன் வெட்டுமிடத்தில் வழக்கமாக அர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஒன்று மட்டும் நிற்கும். அதை வெட்டத் தெரிந்த நொதிகள் கோழியின் மூச்சுக்குழாயிலும் குடலிலும்தான் இருக்கின்றன. அதனால் வைரஸ் அந்த இரண்டு தெருவை விட்டுத் தாண்டுவதில்லை. கோழிக்குச் சளி பிடிக்கும், முட்டை குறையும், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இப்போது அதே வெட்டுமிடத்தில் அர்ஜினினும் லைசினும் நாலைந்து வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டால் கதை மாறிவிடும். அப்படிப்பட்ட இடத்தை வெட்ட ஃபியூரின் என்ற நொதி போதும், அது ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் உண்டு. வீட்டுக்கு வீடு உரலும் உலக்கையும் வந்த மாதிரி. ஆலைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. இதயம், மூளை, கணையம், இரத்தக்குழாய்ச் சுவர் என்று வைரஸ் போன இடமெல்லாம் பெருகும். கொண்டை நீலம் பாய்கிறது, தலை வீங்குகிறது, கால் தோலில் இரத்தக்கட்டு தெரிகிறது. பல கோழிகளில் இதெல்லாம் தெரியும் முன்பே உயிர் போய்விடும்.

அந்தக் கூடுதல் அமினோ அமிலங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் இடம். பெரும்பாலும் அது ஒரு நகலெடுக்கும் பிழை. வைரஸின் மரபுச்செய்தி ஆர்.என்.ஏ.வில் எழுதப்பட்டிருக்கிறது. எச்5, எச்7 வகைகளில் அந்த வெட்டுமிடத்துக்கான எழுத்துகள் 'ஏ', 'ஜி' என்ற இரண்டே எழுத்தாக வரிசை கட்டி நிற்கின்றன. போதாக்குறைக்கு ஆர்.என்.ஏ. இழை அந்த இடத்தில் மடிந்து ஒரு கொண்டை ஊசி வளைவு போலாகிறது. நகலெடுக்கும் நொதி அங்கே வந்ததும் வழுக்கி, எழுதியதையே மறுபடி எழுதிவிடுகிறது. காசோலையில் சுழியம் எழுதும்போது ஐந்தா ஆறா என்று கை தடுமாறுமே, அது போல. மூன்று எழுத்துக்கு ஒரு அமினோ அமிலம். மூன்றோ ஆறோ எழுத்து கூடினால் ஒன்றோ இரண்டோ அர்ஜினின், லைசின் கூடிவிடும். பிழை திருத்தும் பழக்கம் இந்த வைரஸுக்குக் கிடையாது என்பதால் போன பிழை போனதுதான்.

சில சமயம் வழி இன்னும் விநோதமாக இருக்கும். 2002இல் சிலி நாட்டில் ஓர் எச்7என்3 வைரஸ், தன்னுடைய இன்னொரு மரபணுவிலிருந்தே 30 எழுத்துகளைக் கிள்ளி எடுத்து வெட்டுமிடத்தில் செருகிக்கொண்டது. 1983இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்தது அதைவிட நுட்பம். அங்கே ஏப்ரலில் வந்த எச்5என்2 வைரஸின் வெட்டுமிடத்தில் தேவையான அமினோ அமிலங்கள் ஏற்கெனவே வரிசையாக இருந்தன. ஆனால் முள்ளின் மேலிருந்த ஒரு சர்க்கரைக் கிளை அந்த இடத்தை மூடிக்கொண்டிருந்ததால் நொதியால் கிட்டே போக முடியவில்லை. கோழிகளும் பெரிதாகச் சாகவில்லை. அக்டோபரில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியது, சர்க்கரைக் கிளை விழுந்தது. அதன் பிறகு தொற்றிய கொட்டகைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் செத்தன. நோயை அடக்க 1.7 கோடி பறவைகளை அழிக்க வேண்டியிருந்தது. நடுவில் ஆறு மாதம் இருந்ததே, அதற்குள் ஏன் அடக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். லேசானதுதானே என்று எல்லோரும் நினைத்ததுதான் காரணம் என்பது என் எண்ணம். 1999இல் வடக்கு இத்தாலியிலும் இதே கதைதான். மார்ச்சில் லேசான எச்7என்1, டிசம்பரில் கொல்லும் எச்7என்1. இழப்பு 1.3 கோடிப் பறவைகளுக்கும் மேல்.

இந்த மாற்றம் குளத்து வாத்துகளில் நடப்பது அபூர்வம். கோழி, வான்கோழிக் கொட்டகைகளுக்குள் வந்த பிறகுதான் நடக்கிறது. வாத்தும் இந்த வைரஸும் நெடுங்காலமாக ஒத்துப் போய்விட்டவை. வாத்தின் குடலில் வைரஸ் சத்தமில்லாமல் பெருகி எச்சத்தோடு தண்ணீரில் கலந்து அடுத்த வாத்துக்குப் போய்விடும். வாத்து பறந்தால்தான் வைரஸும் பரவும், வாத்தைக் கொன்றால் அதற்கு நட்டம். கொட்டகையில் அந்தக் கணக்கு செல்லாது. ஒரே வயது, ஒரே இனம், ஒரே கூரைக்குக் கீழே இருபதாயிரம், முப்பதாயிரம் கோழிகள். ஒன்று செத்தால் அடுத்த மூக்கு அரை அடி தூரத்தில் இருக்கிறது. நகலெடுக்கும் தடுமாற்றம் ஆயிரத்தில் ஒன்றோ கோடியில் ஒன்றோ, எவ்வளவு அரிதாக இருந்தாலும், வைரஸ் கோழி விட்டுக் கோழி தாவும் ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு வாய்ப்பு. எச்5, எச்7 என்றால் லேசாக இருந்தாலும் உலகெங்கும் உடனே கட்டுப்படுத்தச் சொல்வது இதனால்தான்.

உங்கள் கணவர் பார்த்தது இதுவாகத்தான் இருக்கும். உங்கள் தம்பியின் கொட்டகையில் இருப்பதோ எச்9. இயற்கையில் இதுவரை கோழிகளில் கொல்லும் வகையாக மாறியவை எச்5, எச்7 இரண்டு மட்டுமே, அவற்றிலும் எல்லாம் மாறுவதில்லை. எச்9என்2 ஆசியாவின் கோழிப் பண்ணைகளில் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோடிக்கணக்கான கோழிகளில் புகுந்து வந்த பிறகும் அது அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. இந்த ஒரு விஷயத்தில் தம்பி நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் இரண்டு 'ஆனால்' இருக்கிறது. ஒன்று, எச்9என்2 தனியாக வந்தால் சளியோடு போகும். கூடவே ஈ.கோலை போன்ற பாக்டீரியா சேர்ந்துகொண்டால் சாவு கூடும். சில பாக்டீரியாக்கள் விடும் நொதிகளே அந்த முள்ளை வெட்டிக் கொடுத்துவிடும். வைரஸ் மாறாமலேயே ஊருக்குள் கூடுதலாக ஓர் அரிசி ஆலை திறந்த மாதிரி. ஆகவே தண்ணீர்த் தொட்டிச் சுத்தம், அமோனியா நெடி தங்காத காற்றோட்டம் இதெல்லாம் இப்போது மருந்தைவிட முக்கியம். ஆண்டிபயாடிக் வைரஸைத் தொடாது. இந்தக் கூட்டாளி பாக்டீரியாவுக்கு, அதுவும் டாக்டர் சொன்னால் மட்டும். ஊரில் தீவனக் கடைக்காரரே மருந்து எழுதிக் கொடுக்கும் வழக்கம் உண்டு, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது, இந்த வைரஸின் மரபுச்செய்தி எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே கோழிக்குள் இரண்டு வகை வைரஸ் ஒரே சமயத்தில் புகுந்தால், துண்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் புது வைரஸ் பிறக்கும். மேலே சொன்ன சீனத்து எச்7என்9இன் உள் மரபணுக்கள் ஆறும் எச்9என்2 கொடுத்தவை. அந்த எச்7என்9 நான்கு வருடம் கோழிகளில் சுற்றிய பிறகு, 2017இல் கொல்லும் வகையும் அதிலிருந்து வந்தது. எச்9 தானாகக் கெட்டவனாக மாறாது, ஆனால் கெட்டவனுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும். அதனால் வேறு வைரஸ் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதுதான் தம்பியின் வேலை.

இதெல்லாம் அவருக்குப் புதுசாக இருக்காது என்று ஓர் உதாரணத்தோடு சொல்லுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்று நம்மூரில் சொல்லும் ராணிக்கெட் நோய் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அது வேறு குடும்பத்து வைரஸ். ஆனால் அங்கேயும் இதே வெட்டுமிடக் கதைதான். வெட்டுமிடம் எளிமையாக இருந்தால் லேசான வைரஸ், அர்ஜினினும் லைசினும் சேர்ந்தால் கொட்டகை காலி. 1998இல் ஆஸ்திரேலியாவில் லேசான ராணிக்கெட் வைரஸ் ஒன்று இப்படித்தான் கொல்லியாக மாறியது. நாம் குஞ்சுகளுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் லசோட்டா தடுப்பு மருந்து, வெட்டுமிடம் எளிமையான உயிர் வைரஸ்தான். அப்படியானால் லேசான பறவைக் காய்ச்சல் வைரஸையே உயிரோடு தடுப்பூசியாகக் கொடுக்கலாமே என்று ஒரு பண்ணையாளர் ஒருமுறை என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. கொடுக்க முடியாது. துண்டு மாற்றிக்கொள்ளும் குணமும் எச்5, எச்7இன் வழுக்கும் குணமும் சேர்ந்தால் நாமே ஆபத்தை ஊசியில் ஏற்றியதாகிவிடும். அதனால் பண்ணைகளில் போடப்படும் பறவைக் காய்ச்சல் தடுப்பூசிகளில் செயலிழந்த வைரஸோ, அல்லது முள்ளுக்கான மரபணுவை மட்டும் சுமக்கும் வேறொரு வைரஸோ இருக்கும்.

ராணிக்கெட் தாக்கிய ஒரு கொட்டகைக்குள் அதிகாலையில் நான் போனது இன்னும் நினைவிருக்கிறது. கோழிக் கொட்டகை என்றால் நூறடி தள்ளியே சத்தம் கேட்க வேண்டும். அன்றைக்குக் கேட்கவில்லை. தீவனத் தொட்டி ராத்திரி போட்டபடியே இருந்தது. பறவைக் காய்ச்சலும் ராணிக்கெட்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருப்பதால், கண்ணால் பார்த்து எந்த டாக்டரும் முடிவு சொல்ல முடியாது. தம்பியிடம் சொல்லுங்கள்: தண்ணீர் குடிப்பது திடீரெனக் குறைந்தால், கொட்டகை அமைதியானால், ஒரே நாளில் சாவு பல மடங்கானால், 'நாமே பார்த்துக்கொள்ளலாம்' என்று உட்காரக் கூடாது. அன்றே கால்நடைப் பராமரிப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும். மாதிரி போபாலில் உள்ள ஆய்வகத்துக்குப் போகும். உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் கோழிகளை அழிப்பார்கள். அந்தப் பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள், புரிகிறது. ஆனால் மறைத்த பண்ணையிலிருந்து லாரி ஏறும் முட்டை ட்ரே அடுத்த ஊருக்கும் நோயைக் கொண்டுபோகும்.

ட்ரே என்றதும் நினைவு வருகிறது. பண்ணைக்குப் பண்ணை நோய் பறந்து போவதைவிட, ட்ரேயிலும் லாரிச் சக்கரத்திலும் செருப்பிலும் போவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். வெளியிலிருந்து வந்த அட்டை ட்ரே கொட்டகைக்குள் போகக் கூடாது. பிளாஸ்டிக் என்றால் கழுவி, கிருமிநாசினியில் நனைத்து, காய்ந்த பிறகுதான். கொட்டகைக்கென்று தனிச் செருப்பு. பக்கத்துப் பண்ணைக்காரர் 'என்ன ஆச்சு' என்று விசாரிக்க வந்தால் வாசலோடு பேசி அனுப்பச் சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. வாத்தையும் கோழியையும் சேர்த்து வளர்க்க வேண்டாம். குளத்துத் தண்ணீர் என்றால் குளோரின் போடாமல் கொடுக்க வேண்டாம். வேலையாட்களுக்கு முகக்கவசம் கட்டாயம். எச்9என்2 மனிதருக்குத் தொற்றுவது அரிது, தொற்றினாலும் பெரும்பாலும் லேசாகப் போய்விடும். இருந்தாலும் நான் முகக்கவசத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. 2003இல் நெதர்லாந்தில் எச்7என்7 வந்தபோது தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் கண் சிவந்ததோடு போயிற்று. இறந்தவர் ஒரே ஒருவர். அவர் ஒரு கால்நடை மருத்துவர்.

இனி செங்காங் கோழிகள். உங்கள் புளோக்குக் கீழே திரிவதில் சிவப்புக் காட்டுக்கோழியும் இருக்கும், நாட்டுக்கோழியோடு கலந்ததும் இருக்கும். லேசான வைரஸ் கொடியதாக மாறுவதற்கு வேண்டிய கூட்டம் அங்கே இல்லை. ஒரு சேவல், நாலு பெட்டை, பின்னால் சில குஞ்சுகள், அவ்வளவுதான். அவற்றைப் பொறுத்தவரை வேறொரு கவலை உண்டு. 1996இல் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் ஒரு கூஸ் (பெருவாத்து) பண்ணையில் கண்டுபிடிக்கப்பட்ட எச்5என்1இன் வம்சம் மற்றவற்றைப் போல அடங்கிப் போகவில்லை. 2005இல் சிங்ஹாய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் அதில் செத்தன. இப்போது அந்த வம்சம் ஏற்கெனவே கொடியதாக மாறிய நிலையிலேயே காட்டுப் பறவைகளோடு கண்டம் விட்டுக் கண்டம் போகிறது. சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குச் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வலசை வரும் பறவைகளை இங்கே கண்காணிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2004 ஆகஸ்டில் கிளந்தானில் எச்5என்1 தெரிந்ததும் சிங்கப்பூர் மலேசியக் கோழியை நிறுத்தியது சிலருக்கு நினைவிருக்கலாம்.

அதற்காகக் கீழே போகும்போது கோழியைக் கண்டு ஒதுங்க வேண்டாம். தீனி போடாதீர்கள். மிச்சச் சோற்றைக் கொட்டினால் கோழியோடு புறாவும் மைனாவும் காக்கையும் ஒரே இடத்தில் கூடும், நாமே கூட்டம் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். செத்த பறவையைப் பிள்ளைகள் தொட வேண்டாம். ஒன்று செத்துக் கிடந்தால் பூனையோ காரோ காரணமாக இருக்கலாம். ஒரே இடத்தில் நாலைந்து செத்துக் கிடந்தால் தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

மகனின் அரைவேக்காட்டு முட்டைக்கு வருகிறேன். கொடிய வகை தாக்கிய கோழி இடும் முட்டைக்குள் வைரஸ் இருக்க முடியும், அது உண்மை. ஆனால் அப்படிப்பட்ட கோழி நீண்ட நாள் முட்டை இடாது, செத்துவிடும். இங்கே விற்பனைக்கு வரும் முட்டை சிங்கப்பூர் உணவு அமைப்பு அங்கீகரித்த பண்ணைகளிலிருந்து வருகிறது. நோய் வந்த பகுதியிலிருந்து இறக்குமதியை நிறுத்திவிடுவார்கள். அரைவேக்காட்டு முட்டையில் எனக்குப் பறவைக் காய்ச்சலைவிட சால்மோனெல்லாதான் நெருடும். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ வயதானவரோ இருந்தால் அவர்களுக்கு மஞ்சள் கரு இறுகும் வரை வேகட்டும். உள்ளே 70 டிகிரி வந்துவிட்டால் இரண்டு கிருமியும் பிழைக்காது. உங்கள் மகன் ஆரோக்கியமான வாலிபன் என்றால் நான் தடுக்க மாட்டேன். நானே சனிக்கிழமை காலையில் இரண்டு முட்டையை உடைத்து, மிளகும் கறுப்பு சோயாவும் விட்டுச் சாப்பிடுகிறவன்.

தம்பி வீட்டுக்குப் போகும்போது மட்டும், அங்கே நோய் ஓயும் வரை, ஆஃப்பாயில் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கொட்டகைக்குள் போட்டுப் போன செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வரட்டும்.